கொடுமைக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

ஆங்கிலத்தில் கொடுமைக்குப் பொதுப்பெயர் 'குரூயல்டி'. இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது பச்சை இறைச்சி. லத்தீன் மொழியில் 'குரூடுஸ்' என்றால் வேகாதது, பச்சையானது, இரத்தம் உலராதது. அதிலிருந்து கிளைத்த 'குரூடேலிஸ்' இரக்கமற்றவனைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சில் புகுந்து, அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. கச்சா எண்ணெயைச் சொல்லும் 'குரூட்' இதனோடு கூடப்பிறந்த சொல். இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதே வேர் உண்டு. கிரேக்கத்தில் 'கிரேயாஸ்' என்றால் சதை; வயிற்றிலுள்ள கணையம் முழுவதும் சதையாக இருப்பதால் அதற்குப் 'பான்கிரியாஸ்' என்று பெயர் வந்தது. சமஸ்கிருதத்தில் 'க்ரவிஸ்' பச்சை இறைச்சி. 'க்ரூர' என்பது இரத்தம் படிந்தது, கொடியது. தமிழில் வழங்கும் குரூரம் அங்கிருந்து வந்ததே. 'குரூயல்', குரூரம் இரண்டும் தாயாதிச் சொற்கள். ஓசை ஒத்திருப்பது தற்செயல் இல்லை.

வேர் இவ்வளவு பச்சையாக இருந்தும், இந்தச் சொல் நடந்த செயல் எது என்று சொல்வதில்லை. செய்தவன் எப்படிப்பட்டவன் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தின் கொடுமைச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போகின்றன. கொடியவன் எங்கிருந்து வந்தவன், எந்தக் கூட்டத்தான், அவனிடம் எது இல்லை என்பதை அவை சொல்லும். அவன் கை என்ன செய்தது என்பதைச் சொல்லாது. செயலைச் சொல்லும் பெயர்கள் மிகப் பிந்தியே பெருகின, அதுவும் சட்டத்தின் நெருக்குதலால்.

கொடுமைக்கு இலக்கணம் வகுக்க ரோமானியர் காலத்திலேயே முயற்சி நடந்தது. தத்துவ அறிஞர் செனிக்கா கி.பி. 55, 56 வாக்கில் தம் மாணவனான இளம் பேரரசன் நீரோவுக்காகக் கருணை பற்றி ஒரு நூல் எழுதினார். தண்டனை விதிக்கும்போது மனம் கொள்ளும் கடுமையே கொடுமை என்பது அதில் அவர் தந்த விளக்கம். தண்டிக்கக் காரணம் உள்ளவன் அளவு மீறித் தண்டித்தால் அவன் கொடியவன். காரணமே இல்லாமல் கொல்வதிலும் வதைப்பதிலும் இன்பம் காண்பவனைச் செனிக்கா இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவனுடையது விலங்குத்தனம், வேறு நோய் என்று ஒதுக்கினார். அந்த மாணவன்தான் கி.பி. 65இல் ஆசிரியரைத் தற்கொலை செய்துகொள்ளக் கட்டளையிட்டான். செனிக்கா வகுத்த பிரிவு நுட்பமானது. ஆங்கிலம் அதைக் காப்பாற்றவில்லை. அளவு மீறுபவனையும் வதைத்து மகிழ்பவனையும் ஒரே 'குரூயல்டி'க்குள் அடைத்தது. இரண்டாமவனுக்குத் தனிப்பெயர் கிடைக்கப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1066இல் நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன்பும் ஆங்கிலத்தில் கொடுமைக்குச் சொல் இருந்தது. அவற்றுள் வலுவானது 'வேல்ஹ்ரேயோவ்'. அதன் முற்பகுதி களத்தில் வெட்டுண்டு கிடக்கும் பிணங்களைக் குறிக்கும். வட ஐரோப்பியத் தொன்மத்தில் மாண்ட வீரர்கள் சென்று சேரும் 'வல்ஹாலா' மண்டபத்தின் பெயரிலும் அதே பகுதி இருக்கிறது. கிறித்தவர்களை வதைத்த ரோமானிய மன்னர்களைப் பற்றி எழுதும்போது, 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஆல்ஃபிரிக் என்னும் துறவி இச்சொல்லை அடிக்கடி கையாண்டார். பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் குடியேறிய பிறகு அது வழக்கொழிந்தது. தப்பிப் பிழைத்த 'கிரிம்' பழங்காலத்தில் மூர்க்கத்தைக் குறித்தது. இன்று நம்பிக்கை தராத செய்தியையும் இருண்ட முகத்தையும் குறிக்கும் அளவுக்குத் தணிந்துவிட்டது. 'ஃபீண்ட்' என்பதன் பழைய பொருள் பகைவன், 'ஃபிரெண்ட்' என்பதன் நேர் எதிர். ஜெர்மன் மொழியில் அதன் இணைச்சொல் இன்றும் பகைவனையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் திருச்சபை அதைச் சாத்தானுக்குச் சூட்டியதால், அடுத்த ஊர்ப் பகைவன் நரகத்துக்குக் குடிபெயர்ந்தான்.

மிகப் பெரிய குடும்பம் காட்டிலிருந்து வந்தது. 'சாவேஜ்' என்ற சொல் லத்தீனின் 'சில்வா', அதாவது காடு, என்பதன் வழிவந்தது. காட்டில் வளர்வது என்பதே முதற்பொருள். பிரெஞ்சில் இன்றும் தானாக முளைத்த காட்டுப்பூவுக்கு இதே அடைமொழி பொருந்தும். பழி எதுவும் இல்லை. ஆங்கிலத்திலோ காடு, காட்டு மனிதன், கொடியவன் என்று பொருள் படிப்படியாக இறங்கியது. அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய ஆங்கிலேயர் அங்கிருந்த பழங்குடிகளுக்கு இச்சொல்லையே பெயராக வைத்தார்கள். 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனம், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று முற்பகுதியில் முழங்குகிறது. மன்னர் மீதான குற்றப்பட்டியலின் கடைசியில் பழங்குடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்ற பொருளில் இதே சொல்லால் குறிக்கிறது. நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்குக் கொடியவர் என்ற பெயர். பறித்தவர்களுக்கு அந்த ஆவணத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. தமிழும் இதில் சளைத்ததில்லை. காட்டுமிராண்டி என்னும் வசைச்சொல் காட்டில் வாழ்பவனைத்தான் பழிக்கிறது.

காட்டுக்கு அடுத்து விலங்கு. 'ஃபெரோஷஸ்', 'ஃபியர்ஸ்' இரண்டும் பழக்கப்படாத விலங்கைச் சொல்லும் 'ஃபெருஸ்' என்னும் லத்தீன் வேரைச் சேர்ந்தவை. வியப்பு என்னவென்றால், ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் 'ஃபியர்ஸ்' வீரனுக்குரிய புகழ்மொழியாகவும் இருந்தது. பெருமிதம், துணிவு என்ற பொருளில் பிரபுக்களுக்கே சூட்டினார்கள். 'புரூட்டல்' இன்னும் விசித்திரமான பயணம் செய்தது. லத்தீன் 'புரூட்டுஸ்' என்றால் கனமானது, மந்தமானது, அறிவில்லாதது. அறிவில்லாதது விலங்கு, விலங்கைப் போன்றவன் கொடியவன் என்று பொருள் உருண்டது. கான்கிரீட்டைப் பூசாமல் அப்படியே விட்டுவிடும் கட்டடக்கலைக்குப் 'புரூட்டலிசம்' என்று பெயர். அது பச்சைக் கான்கிரீட்டைச் சொல்லும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது, கொடுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் கட்டடங்களுக்குள் குடியிருந்தவர்கள் சிலர் இதை ஏற்க மறுக்கக்கூடும்.

விலங்குகளைக் கொடுமைக்கு உவமையாக்கிய மொழி, விலங்குகளுக்கு மனிதர் செய்யும் கொடுமையைச் சட்டப்படி குற்றமாக்கியது 1822இல்தான். கால்நடைகளை வதைப்பதைத் தடுக்கும் அந்தப் பிரிட்டிஷ் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் மார்ட்டின் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். இரண்டாண்டு கழித்து லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. இந்தியாவில் இதற்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவிய அவரே 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் தலைமை ஏற்றார்.

காட்டையும் விலங்கையும் அடுத்து அயலான் வருகிறான். கிரேக்க மொழி தெரியாதவன் பேசுவது கிரேக்கர் காதில் 'பர்பர்' என்று விழுந்ததாம். அதிலிருந்து பிறந்தது 'பார்பேரியன்'. சமஸ்கிருதத்திலும் 'பர்பர' என்றால் திக்கிப் பேசுபவன், அயலான். மொழி புரியாதது முதலில் வெறும் வேற்றுமையாக இருந்தது. பாரசீகப் போர்களுக்குப் பிறகு அதில் இகழ்ச்சி ஏறியது. ரோமானியர் அதை எடுத்துக்கொண்டு எல்லைக்கு அப்பாலிருந்த எல்லோர் மீதும் ஒட்டினார்கள். மைதானத்தில் மனிதரைச் சிங்கத்துக்கு இரையாக்கி வேடிக்கை பார்த்த ஒரு நகரம் இந்தச் சொல்லைத் தன்னை நோக்கித் திருப்பவே இல்லை.

அயலானுக்குப் பிறகு கீழ்த்தட்டு மக்கள். தமிழ்த் திரையுலகில் எம்.என். நம்பியார் முதல் ரகுவரன் வரை சுமந்த 'வில்லன்' பட்டம், ஆங்கிலத்தில் தொடங்கும்போது ஒரு பண்ணையாளின் பெயர். லத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறப் பண்ணை. அங்கே பாடுபடுபவன் 'வில்லானுஸ்'. நிலத்தோடு கட்டுண்ட அந்தக் குடியானவன் பிரபுக்களின் பார்வையில் நாகரிகமற்றவன் ஆனான், பிறகு நம்பத்தகாதவன், கடைசியில் கதையின் கொடியவன். பண்ணையின் சொந்தக்காரனுக்கு இந்தக் கதி நேரவில்லை. மேலே இருந்தவனைக் குறித்துப் பழிச்சொல்லாக மாறியவை சிலவே. அவற்றுள் முதன்மையானது 'டைரன்ட்'. கிரேக்கத்தில் அது மரபுரிமை இன்றி ஆட்சியைப் பிடித்தவனைக் குறித்தது. அவன் நல்லவனாகவும் இருக்கலாம். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் காலத்தில் அது கொடுங்கோலனின் பெயராக உறைந்துவிட்டது.

உறவு என்னும் எண்ணமும் இந்தச் சொற்களில் ஒளிந்திருக்கிறது. அன்பானவர் என்று பொருள்படும் 'கைண்ட்' சுற்றத்தைக் குறிக்கும் 'கின்' என்பதோடு தொடர்புடையது. சுற்றத்தாரிடம் இயல்பாக நடந்துகொள்வதே அதன் பழம்பொருள். அதன் எதிர்மறையான 'அன்கைண்ட்' இடைக்கால ஆங்கிலத்தில் இயற்கைக்கே மாறானவன் என்ற கடுமையான குற்றச்சாட்டு. இன்று வாடிக்கையாளரிடம் முகம் கடுகடுத்த கடைக்காரருக்கும் அது பொருந்திவிடும்.

அடுத்த தொகுதி இல்லாமையைச் சொல்வது. 'ரூத்லெஸ்' என்றால் 'ரூத்' இல்லாதவன். 'ரூத்' என்றால் இரக்கம். இடைக்கால ஆங்கிலத்தில் அது தனியாக உலவிய சொல். 17ஆம் நூற்றாண்டில் மில்டன் கூட எடுத்தாண்டார். இன்று எதிர்மறை மட்டும் வாழ்கிறது, மூலச்சொல் செத்துவிட்டது. விவிலியத்தில் வரும் ரூத் என்னும் பெண்ணின் பெயர் எபிரேயம். அதற்கும் இதற்கும் உறவில்லை. தமிழின் ஈவிரக்கம் இதற்கு ஏறத்தாழ இணையானது. ஈவிரக்கமில்லாமல் அடித்தான் என்பார்கள். ஈவிரக்கத்தோடு நடந்தான் என்று சொல்பவரைக் காண்பது அரிது. இரக்கத்தைக் குறிக்கும் 'மெர்சி' கூலி என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கூலி, பின்னர் இறைவன் தரும் பரிசு, பின்னர் தகுதி பாராத அருள். அதனுடைய எதிர்மறையான 'மெர்சிலெஸ்' சந்தையிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

'ஹார்ட்லெஸ்' வேறு திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் அது துணிவிழந்தவனைக் குறித்தது, ஏனெனில் நெஞ்சு என்பது வீரத்தின் இருப்பிடம். நெஞ்சு அன்பின் இருப்பிடம் என்ற எண்ணம் மேலோங்கிய பிறகே, 19ஆம் நூற்றாண்டில், இரக்கமில்லாதவன் என்ற இன்றைய பொருள் நிலைத்தது. 'கேலஸ்' உடம்பிலிருந்து வந்தது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் தோல் தடித்து, காய்த்துப்போய், முள் குத்தினாலும் தெரியாமல் ஆகிவிடுமே, அந்தக் காய்ப்புக்கு லத்தீனில் 'கல்லும்'. 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அது மனத்துக்கு ஏறியது. இந்தக் குடும்பத்தில் மிக நேர்மையான சொல் இதுதான். கொடுமை பிறவிக்குணமாகவோ அயலான் குணமாகவோ இல்லாமல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது என்று இது ஒன்றுதான் ஒப்புக்கொள்கிறது.

வதைக்கருவிகளின் பெயர்கள் செயலுக்கு நெருங்கி வருகின்றன. 'டார்ச்சர்', 'டார்மென்ட்' இரண்டும் முறுக்குதல் என்னும் லத்தீன் வினையின் பிள்ளைகள். இரண்டாவது, முறுக்கிய கயிற்றால் கல்லெறியும் போர்ப்பொறிக்கும் பெயராக இருந்தது. பொறுக்க முடியாத வலியைச் சொல்லும் 'எக்ஸ்குரூஷியேட்டிங்' சிலுவை என்னும் 'குருக்ஸ்' வழிவந்தது. பயணத்தைக் குறிக்கும் 'டிராவல்' கூட மூன்று கழிகளால் ஆன 'திரிபாலியம்' என்னும் வதைக்கருவியின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லாய்வாளர்கள் கொள்கிறார்கள். வதை, பாடு, கடும் உழைப்பு, அலைச்சல், பயணம் என்று பொருள் மாறிற்று.

சென்னை மாகாணத்துக்கும் 'டார்ச்சர்' என்ற சொல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிலவரி வசூலிக்கக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. விசாரிக்க அமைந்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ச் சொல்லாகிய கிட்டி அப்படியே இடம்பெற்றது. இரண்டு கழிகளுக்கிடையே விரல்களை வைத்து நெருக்குவது அது. தலையைக் குனியவைத்துக் கயிற்றால் பிணித்து மணிக்கணக்கில் அப்படியே நிறுத்தும் முறையும் பதிவாகியிருக்கிறது. வதை நடந்ததை ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள் மீது போட்டு ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. வரித்தொகையை நிர்ணயித்தவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும். 1857இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதினார்.

ஆட்பெயரிலிருந்து வந்தவை சில. ஏதென்ஸ் நகருக்கு கி.மு. 621 வாக்கில் சட்டம் எழுதிய டிராகோ, சிறு திருட்டுக்கும் மரணம் விதித்தார் என்பது பழைய வரலாறு. அவருக்குப் பின் சட்டம் வகுத்த சோலோன், கொலைக்குற்றச் சட்டத்தைத் தவிர மற்றவற்றை நீக்கினார். 'டிராகோனியன்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. இந்திய ஆங்கில நாளேடுகளுக்கு அது செல்லச்சொல். தடுப்புக்காவல் சட்டம் எது வந்தாலும் அடுத்த நாள் தலையங்கத்தில் காணலாம்.

செனிக்கா பிரித்துக்காட்டிய இரண்டாமவனுக்கு ஒருவழியாகப் பெயர் தந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் மார்க்கி த சாத். 1740இல் பிறந்து 1814இல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். வதைத்து இன்புறுவோரையே நாயகராக்கி நாவல்கள் எழுதினார். 1834இல் பிரெஞ்சு அகராதி ஒன்றில் அவர் பெயரிலான சொல் ஏறியது. ஆஸ்திரிய மனநோய் மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1886இல் தொடங்கிப் பல பதிப்புகளாக வளர்த்த நூலின் வழியாக அது மருத்துவக் கலைச்சொல்லாகி, ஆங்கிலத்தில் 'சேடிசம்' ஆயிற்று. ஒலி ஒத்திருந்தாலும், துயரத்தைக் குறிக்கும் 'சேட்' வேறு; அதன் பழம்பொருள் வயிறு நிறைந்தவன், அலுத்தவன்.

இந்தியா ஆங்கிலத்துக்குத் தந்த கொடுமைச்சொல் 'தக்'. இந்தியில் 'டக்' என்றால் ஏமாற்றுக்காரன். வழிப்போக்கரோடு நண்பர்போல் சேர்ந்து கழுத்தை நெரித்துக் கொல்லும் கூட்டங்களைப் பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஸ்லீமன் 1830களில் ஒடுக்கினார். மெடோஸ் டெய்லர் 1839இல் வெளியிட்ட நாவல் இச்சொல்லை இங்கிலாந்தில் வீட்டுச்சொல்லாக்கியது. எல்லாக் கொலையும் ஒரே மதச் சதி என்ற ஸ்லீமனின் சித்திரம் மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்கால வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். அமெரிக்காவில் இச்சொல் தெருரவுடிக்கும், பிறகு ராப் பாடகர்களின் பெருமைக்கும் போய், 2025இல் மணிரத்னம் படத்தின் தலைப்பாகத் தமிழ்ச் சுவரொட்டிகளுக்கே திரும்பி வந்தது.

இப்படி மாறுவது விதிவிலக்கில்லை. 'புல்லி' 16ஆம் நூற்றாண்டில் காதலரையும் அன்புத் தோழரையும் அழைக்கும் சொல், டச்சு மொழியிலிருந்து வந்திருக்கலாம். ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தில் நெசவாளி பாட்டத்தை நண்பர்கள் அப்படித்தான் விளிக்கிறார்கள். நூறாண்டுக்குள் அது வீண்சவடால் பேசுபவனாகி, பின் எளியவரைத் துன்புறுத்துபவனாயிற்று. எதிர்த்திசையில் தேய்ந்தவை அதிகம். கடும்பசியைக் கொலைப்பசி என்னும் தமிழ்ப்பேச்சு, 'டார்ச்சர் பண்ணாதே' என்று குழந்தையை அதட்டுகிறது. குறும்புக்கார நண்பனின் 'அட்ராசிட்டி' தாங்கவில்லை என்று சிரிக்கிறது.

சொல் தேயலாம், சட்டத்துக்கு அது போதாது. 1689இல் இங்கிலாந்தின் உரிமைச் சாசனமும் 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் எட்டாம் திருத்தமும் கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனைகளைத் தடை செய்தன. எது கொடியது என்று இரண்டும் சொல்லவில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் வழக்குக்கு வழக்கு அதை வாதாடிக்கொண்டிருக்கின்றன. நாஜிகளின் படுகொலைகளைப் பற்றி 1941இல் வானொலியில் பேசிய சர்ச்சில், அந்தக் குற்றத்துக்குப் பெயரே இல்லை என்றார். போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் கிரேக்க முற்பகுதியையும் லத்தீன் பிற்பகுதியையும் ஒட்டி 'ஜெனோசைட்' என்னும் சொல்லை ஆக்கினார். தமிழில் அது இனப்படுகொலை. செய்தவன் காட்டானா அயலானா என்று கேட்காமல், செய்தது என்ன என்று மட்டும் சொன்ன பெயர் அது. 1948 டிசம்பர் 9இல் ஐ.நா. உடன்படிக்கை அதற்குள் அடங்கும் செயல்களை வரிசையிட்டது. 1984இல் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை வந்தது. இந்தியா 1997இல் கையெழுத்திட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை.

இந்தியச் சட்டத்தில் 'குரூயல்டி'க்கு விளக்கம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. வரதட்சணைச் சாவுகள் பெருகியதையடுத்து 1983இல் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. மனைவியைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய நடத்தை, பொருள் கேட்டுச் செய்யும் தொல்லை என்று அது கொடுமையைச் செயல்களாகப் பிரித்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளில் அது தொடர்கிறது.

'அட்ராசிட்டி' என்பதன் மூலம் லத்தீன் 'அட்ராக்ஸ்'. கருமை, பார்வை என்னும் இரண்டு வேர்களாக அதைப் பிரிப்பார்கள்: இருண்ட முகத்தான். இதுவும் ஆளைப் பார்த்து வைத்த பெயரே. 1989ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்த முகத்தை நீக்கிவிட்டது. வன்கொடுமை என்றால் மூன்றாம் பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம் என்று மட்டுமே அது வரையறுக்கிறது. மூன்றாம் பிரிவு ஒரு பட்டியல். நிலத்தைப் பறித்தல், குடிநீரைக் கெடுத்தல், ஆடையைக் களைந்து ஊர்வலம் விடுதல் என்று அது நீள்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் பலவற்றைச் சேர்த்தது. பட்டியலின் முதல் இனம், உண்ணத்தகாத பொருளை ஒருவர் வாயில் திணிப்பது அல்லது அதை உண்ணவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவது.